அடியில் கம்பி கட்டிய மேசை

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம், மலையாள தேசத்தில், பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் இருந்த ஆயுர்வேத மசாஜ் நிலையத்தில் எனக்கு வேலை. பகலெல்லாம் அடுத்தவர் முதுகைத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டும். என் கணவருக்குக் காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். வெலிங்டன் தீவில் கப்பல்களின் துருவைச் சுத்தியலால் தட்டியெடுத்து, காதைத் துறைமுகத்துக்கே கொடுத்துவிட்டு வந்தவர். சமையலறையிலிருந்து "சோறு ஆறுது" என்றால் தெருக்கோடி வீட்டுக்காரி எழுந்து கை கழுவுவாள், இவர் அசையமாட்டார். கொடுத்துவைத்த மனுஷன், ஒரு தொந்தரவும் காதில் ஏறாது என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

ஒருநாள் நிலையத்துக்கு ஒரு மர மேசை வந்தது. எங்கள் மூலை அறையை வாடகைக்கு எடுத்திருந்த வெள்ளைக்காரியுடையது. எண்ணெய் தேய்க்கிற மேசை என்றே நினைத்தேன். எங்கள் ஊர் ஈரத்துக்குப் புது மரத்தில் மேலும் கீழும் நல்லெண்ணெய் பூசிவிட்டுத்தான் உபயோகத்துக்கு எடுப்போம். மேல்பலகையில் பூசி முடித்தேன். குனிய முடியவில்லை, அடியில் கையை மட்டும் விட்டுத் தடவினேன். விரல்கள் வரிசையாகக் கம்பிகளில் பட்டன. மேசை முழுக்க முனகியது. பலகையில் ஊன்றியிருந்த மறு கை தோள்வரை அதிர்ந்தது.

ஓடிவந்த வெள்ளைக்காரி, எண்ணெய் மின்னும் மேசையைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, என்னையே அதில் படுக்க வைத்துக் கம்பிகளை மீட்டினாள். இது கச்சேரி வாத்தியம் இல்லை, உடம்பு கேட்பதற்கு, நோவு குறைய என்று மேலாளர் சேட்டன் மலையாளத்தில் விளக்கினார். என் நோவு குறைந்ததோ என்னவோ, முதுகால் கேட்க முடியுமென்றால் என் கணவருக்கும் கேட்குமே என்று ஆசை வந்துவிட்டது. சேட்டனை வைத்து அவளிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிவரச் சொன்னாள்.

அன்றைக்கு அவர் வெட்கப்பட்டுக்கொண்டே மேசையில் படுத்தார். கொஞ்ச நேரம் அவள் மீட்டினாள். பிறகு யாரோ கூப்பிட, என்னை உட்கார வைத்துவிட்டு வெளியே போனாள். நான் கம்பிகளை நீளமாகத் தடவிக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்து நிறுத்தியதும் அவர் கண்ணைத் திறந்தார்.

"நிப்பாட்டாதே."

காதோடு வாய் வைத்து, "பாட்டு கேக்குதா?" என்று கத்தினேன்.

"பாட்டெல்லாம் ஒண்ணும் கேக்கல. அந்த ஒச்சை அடங்கிச்சு."

"எந்த ஒச்சை?"

"விசில் ஊதுற மாதிரி ஒண்ணு. வேலைய விட்டதுலேர்ந்து ரெண்டு காதுலயும் ஊதிட்டே கெடக்கு. ராத்திரி பகல் கெடையாது."

"இத்தனை வருஷமா ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயே தளர்ந்து வர்றே. இதையும் எங்க சொல்றது?"

வலது கை மரத்துப்போயிருந்தது. இடது கையை அடியில் விட்டேன்.