இரண்டு பார் ஐஸ்

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக ஐஸ் வந்தது அப்பா இறந்த அன்றுதான்.

தூத்துக்குடியில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றும் வேலை அப்பாவுக்கு. ஒரு சித்திரை மாதம், விடிந்து வெயில் ஏறுமுன், உப்பு மூடையோடு பலகையில் வழுக்கி விழுந்தார். மத்தியானத்துக்கு முன்பே பெரியாஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது எனக்கு எட்டு வயது.

அக்கா மெட்ராசில் இருந்தாள். வேற்றுச் சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு போனவள். அவள் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் உத்தரவு. அப்பா மட்டும் மெட்ராஸ் போகிறவர்களிடம் அவ்வப்போது அவளுக்குக் கருவாடு கட்டிக் கொடுத்துவிடுவார். எதிர்வீட்டு மாமா அக்காவுக்குத் தந்தி அடித்துவிட்டு வந்து, ரயில் மறுநாள் காலையில்தான் வரும் என்றார்.

"மூத்தவ வந்து மொகத்தப் பாக்கட்டும். அதுக்கு முன்னால எடுக்கக் கூடாது" என்றாள் அம்மா.

அத்தனை பேர் முன்னால் பெரியப்பா மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மீன் கம்பெனியிலிருந்து இரண்டு பார் ஐஸைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தானே கூட நடந்து வந்தார். தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

சாக்கை விலக்கியதும் ஐஸிலிருந்து புகை எழும்பியது. பெரியப்பா வண்டிக்காரரிடம் உடைக்கச் சொன்னார். அவர் தயங்கினார்.

"ஒடைச்சா நிக்காது அண்ணாச்சி. பாரா அப்படியே ரெண்டு பக்கமும் வச்சி, உமியக் கொட்டி சாக்கப் போத்துனா காலைல வரைக்கும் தாங்கும்."

"ஏல, ஒன்ட்ட யோசன கேட்டனா? ஒடை. பொடியா ஒடை."

பக்கத்தில் நின்றது நான் மட்டும்தான். அம்மா உள்ளே அப்பாவின் காலடியில் கிடந்தாள். கடப்பாரை இறங்க இறங்க, ஐஸ் சீனிக்கற்கண்டு போலச் சிதறியது. அதை அள்ளி அப்பாவின் கழுத்தோரம், கைக்கிடுக்கு, விரலிடுக்கு என்று பெரியப்பா தன் கையாலேயே நிரப்பினார். பெரிய கட்டியாக வைத்தால் அப்பாவுக்கு உறுத்தும், அதனால்தான் பொடிக்கச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

வெயில் சாய்வதற்குள் ஐஸ் முழுவதும் தண்ணீராகி முற்றத்தில் ஓடியது. ஈக்கள் வந்தன. ஊதுபத்தியை மீறி வாடை எழ ஆரம்பித்தது. இன்னும் ஐஸ் வாங்குங்கள் என்று அம்மா கெஞ்சினாள்.

"கம்பெனில இல்லம்மா. எல்லாம் மீன்புடி போட்டுக்குப் போயிட்டு. இனிமே வச்சிருக்க முடியுமான்னு நீயே பாரு."

அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அது கறுக்கத் தொடங்கியிருந்தது. பொழுது அடையுமுன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது.

அக்கா மறுநாள் காலை வந்தாள். வாசலில் பந்தல் மட்டும் இருப்பதைக் கண்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது. உள்ளே வந்து அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒரு ராத்திரி பொறுக்கக் கூடாதாம்மா? கொஞ்சம் ஐஸ் வாங்கி வச்சிருக்கலாம்லா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அழுவதைப் பொறுக்க மாட்டாமல் நான்தான் சொன்னேன்.

"வச்சாவக்கா. வண்டிக்காரரு, ஒடைக்காண்டாம், காலைல வரைக்கும் தாங்கும்னாரு. பெரியப்பாதான் அப்பாக்கு வலிக்கக் கூடாதுன்னு பொடிப்பொடியா ஒடைக்கச் சொன்னாவ."

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. அம்மா மெல்லத் தலையைத் தூக்கி, வாசலோரம் உட்கார்ந்திருந்த பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் தெருவில் இறங்கிப் போனார்.

அவரைப் பற்றி நல்லதைத்தானே சொன்னேன், பிறகு ஏன் கோபித்துக்கொண்டு போகிறார் என்று எனக்கு ஒரே குழப்பமாக இருந்தது.