கேட்டுட்டு வரோம்

அந்தச் சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவருக்குக் 'கண்ணாடி' என்று பெயர். மூக்கில் கண்ணாடி எதுவும் கிடையாது. ஐம்பது வயதிலும் ஊசியில் நூல் கோக்கிற பார்வை. பாய்லரின் பக்கவாட்டில், உள்ளே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட, ஒரு சாண் உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்று பொருத்தியிருக்கும். பதினொரு வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான். கட்டின மனைவியின் முகத்தைக்கூட அத்தனை நேரம் பார்த்ததில்லை என்று ஆலையில் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மனைவிக்கும் அங்கேதான் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு அனுப்புகிற ஆலை அது. இஸ்திரி அறையில் எட்டுப் பெண்கள். அந்த அறைக்கும் பாய்லர் அறைக்கும் நடுவே ஒரே ஒரு செங்கல் சுவர். அவர் மனைவியின் மேஜை அந்தச் சுவரோரம். மத்தியானம் சாப்பாட்டு வேளை வந்தால் அவர் ஸ்பேனரால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவார்; அந்தப் பக்கமிருந்தும் இரண்டு தட்டு வரும். கல்யாணமாகி இருபத்து நாலு வருஷத்துக்குப் பிறகும் சுவரைத் தட்டிச் சரசமா என்று மற்ற ஏழு பேரும் அவளை ஓட்டுவார்கள். அவர் மனசில் ஓடுவது சரசம் இல்லை, பயம். பாய்லரில் தண்ணீர் வற்றி ஏதாவது ஆனால் முதலில் போவது அந்தச் சுவர். அதற்குப் பின்னால் நிற்பது யார் என்பதை அவர் ஒரு நாள்கூட மறந்ததில்லை.

இனி மேலதிகாரி. பதினேழு படி ஏறினால் அவருடைய அறை. அங்கிருக்கும் பெரிய ஜன்னல் வழியே முற்றம் முழுக்கத் தெரியும். அவருக்கு ஆலையில் வைத்த பெயர் 'ஒருநிமிஷம்'. நாளுக்கு இருபது தடவை போனை எடுத்து, "ஒரு நிமிஷம் மேல வா" என்பார். மேலே போனால், மின்விசிறியைக் குறைக்க வேண்டும் என்பார். சுவிட்ச் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். தானாக ஒரு துரும்பை எடுத்துப் போடமாட்டார். ஆனால் கீழே எந்தத் துரும்பு எந்தப் பக்கம் கிடக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். விரிப்பை மூன்றாக மடிப்பதா நாலாக மடிப்பதா, துடைக்கிற துணி எந்தக் கொக்கியில் தொங்க வேண்டும், பதிவேட்டில் நீல மையா கறுப்பு மையா, எல்லாம் போனிலேயே. பதவிக்கு வந்த நாலு வருஷத்தில் பாய்லர் அறையில் அவர் கால் பட்டதில்லை. அந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

இஸ்திரி அறைப் போனுக்கு மேலே அவர் ஒரு தாள் ஒட்ட வைத்திருந்தார்: 'என்னைக் கேட்காமல் யாரும் மேஜையை விட்டு நகரக் கூடாது.' சும்மா ஒட்டியது இல்லை. தண்ணீர் குடிக்கப் போன ஒருத்தியை, கேட்காமல் போனாள் என்று, அன்று சாயங்காலம் வரை முற்றத்து வெயிலில் நிற்க வைத்தார். ஜன்னல் வழியே அவ்வப்போது பார்த்தும் கொண்டார். அதற்குப் பிறகு அந்த எட்டுப் பேரும் தும்மல் வந்தால்கூடப் போனைப் பார்த்தார்கள்.

பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் தானாகவே ஓட வேண்டியது. சில மாதமாக அது நினைத்தால் ஓடியது, நினைத்தால் நின்றது. தண்ணீர் குறைந்தால் நெருப்பைத் தானாக அணைக்கும் கருவியும் செத்துப்போயிருந்தது. இரண்டையும் மாற்றச் சொல்லிக் கண்ணாடி ஒரு விண்ணப்பம் எழுதினார். தலைப்பின் கீழே கோடு வளைந்திருக்கிறது என்று திரும்பி வந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார். 'பழுது' என்ற வார்த்தை பிடிக்கவில்லை என்று வந்தது. ஐந்தாம் தடவை எழுதிக் கொடுத்த தாள் ஒருநிமிஷத்தாரின் மேஜையில் டீ கிளாஸுக்கு அடியில் வட்டக் கறையோடு கிடந்தது. பதிவேட்டில் 'பம்ப் நின்றது' என்று எழுதினால், அடித்துவிட்டு 'வழக்கம்போல' என்று எழுதச் சொல்வார்.

மிச்சம் இருந்தது ஒரு எச்சரிக்கை மணி. தண்ணீர் இறங்கினால் கணகணவென்று அடிக்கும். அதுவும் ஒருநிமிஷத்தாரின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தது. மணியைத் துண்டால் சுற்றிக் கட்டச் சொல்லிப் போன் வந்தது. கண்ணாடி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் சொன்னதைச் செய்யாவிட்டால் உன் வீட்டுக்காரியும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அவர். ஆஸ்பத்திரித் துண்டு ஒன்றை எடுத்து மணிக்குச் சுற்றும்போது, கை கால் கட்டின பிணம்போல இருந்தது அது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சிறுநீர் கழிக்கப் போனால்கூட ஓடிப் போய் ஓடி வந்தார். பம்ப் நின்றுவிட்டால், பாதிக் குழாய்த் தண்ணீர் அடியோடு இறங்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

ஒரு மத்தியானம் போன் அடித்தது. மறுநாள் பாய்லர் பரிசோதகர் வருகிறாராம். மூன்று மாதப் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் நிறைய இருக்கிறதாம். புதுப் பதிவேட்டில் எல்லாவற்றையும் அழகாகத் திருப்பி எழுத வேண்டுமாம். கீழேயே உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று கண்ணாடி கெஞ்சினார்.

"நான் பாக்கப் பாக்க எழுதணும். ஒரு நிமிஷம் மேல வா."

"சார், கீழ ஆள் இல்ல."

"ஒரு நிமிஷம்தானய்யா."

போகும்போது குழாயில் தண்ணீர் பாதி இருந்தது. மேலே சுவர்க் கடிகாரம் இரண்டு பத்து காட்டியது. தேதி போட்டு, 'வழக்கம்போல' என்று எழுதினார். அடுத்த தேதி, 'வழக்கம்போல'. ஒருநிமிஷத்தார் நாற்காலியில் சாய்ந்து, காலை இன்னொரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு, விரலால் வரி காட்டினார். 'ழ' சரியாக வரவில்லை, மறுபடி எழுது என்றார். இரண்டு பதினைந்துக்குக் கண்ணாடி எழுந்தார். இந்தப் பக்கத்தை முடித்துவிட்டுப் போ என்றார். இரண்டு இருபதுக்கு ஒரு பக்கம் முடிந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம் என்றார்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. தொப், தொப், தொப் என்று, ஈரத் துணியை யாரோ மெதுவாகத் தரையில் அடிப்பதுபோல. ஒருநிமிஷத்தார் காதில் அது விழவே இல்லை. துண்டுக்குள் மணி அடிக்கிறது என்று கண்ணாடிக்குப் புரிந்துவிட்டது. பேனாவைப் போட்டுவிட்டு, பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் ஓடினார்.

குழாயில் தண்ணீர் இல்லை. அடி வரைக்கும் காலி.

இந்த வேலைக்கு வருகிறவனைப் பரீட்சையில் கேட்கிற முதல் கேள்வியே இதுதான். குழாய் காலியாக இருந்தால் என்ன செய்வாய்? தண்ணீர் விடுவேன் என்று சொன்னவனை அங்கேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உள்ளே இரும்பு பழுத்துக் கிடக்கும். அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஒரே நொடியில் எல்லாம் ஆவியாகிக் கட்டிடத்தையே தூக்கிவிடும். நெருப்பை அணைக்க வேண்டும், ஆட்களை வெளியேற்ற வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடி நெருப்புக்குப் போகிற எண்ணெயை அடைத்தார். பர்னர் உறுமி அணைந்தது. உள்ளே இரும்பு முனகிக்கொண்டே இருந்தது. போன் அடித்தது.

"யாரைக் கேட்டு ஓடின? தண்ணி இல்லன்னா வால்வைத் திற, இதுக்கு எதுக்கு ஓட்டம்? நான் சொல்றேன், திற."

கண்ணாடி ரிசீவரை அப்படியே தொங்க விட்டார். அது ஆடிக்கொண்டே திற, திற என்று கத்திக்கொண்டிருந்தது. ஒருநிமிஷத்தார் மட்டும் பதினேழு படி இறங்கி வந்து அந்த வால்வைத் தன் கையால் திறந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல அங்கே யாரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அவருடைய சோம்பேறித்தனம் ஆலைக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

ஸ்பேனரை எடுத்துச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்தார். அந்தப் பக்கமிருந்து சாவகாசமாக இரண்டு தட்டு வந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சுற்றிக்கொண்டு இஸ்திரி அறைக்கு ஓடினார்.

"எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய ஓடுங்க. பாய்லர்ல தண்ணி இல்ல."

எட்டுப் பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்துவிட்டது. ஒருத்தி நெஞ்சில் கை வைத்தாள். இஸ்திரிப் பெட்டிகளை நிறுத்தி வைத்தார்கள். பிறகு, சொல்லி வைத்தாற்போல எல்லாரும் வாசல் பக்கம் போகாமல் போன் பக்கம் போனார்கள். போய் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றது அவர் மனைவி. ரிசீவர் அவள் கையில் இருந்தது.

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள். "சார் கிட்ட கேட்டுட்டு வரோம்."

"ஏய், நான் சொல்றேன். வா."

"லைன் கிடைக்கலங்க. யார் கிட்டயோ பேசிட்டிருக்காரு."

அவள் மறுபடி எண்ணை அழுத்தினாள். சுவருக்கு அப்பால் இரும்பு டங்கென்று ஒரு தரம் நெளிந்தது. அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள், கால் நகரவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்; மேஜையைப் பிடித்துக்கொண்டாள். எட்டுப் பேரை எப்படி இழுப்பது? அவளை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது அவருக்கு. தோன்றியதை நினைத்து இன்றைக்கும் கூசுகிறார்.

ரிசீவரை அவள் கையிலிருந்து பிடுங்கிக் காதில் வைத்தார். பீப், பீப் என்று வெறும் சத்தம். அந்தச் சத்தத்திடம் முதுகை வளைத்துக் குனிந்து, தினமும் பேசுகிற அதே குரலில் பேசினார்.

"சரிங்க சார். எல்லாரையுமா சார்? கேட் வரைக்குமா? சரிங்க சார், சொல்லிடறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். "சார் போகச் சொல்லிட்டாரு."

அவ்வளவுதான். எட்டுப் பேரும் ஓடினார்கள். அவர் மனைவிதான் முன்னால் ஓடினாள்.

பாய்லர் வெடிக்கவில்லை. மூன்று மணி நேரம் முனகி அடங்கியது. மறுநாள் வந்த பரிசோதகர் உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். குழாய்கள் மெழுகுவத்திபோல வளைந்து கிடந்தன. இன்னும் இரண்டு நிமிஷம் எரிந்திருந்தால் இந்தச் சுவர் இருந்திருக்காது என்றார். பெண்களை வெளியேற்றியது யார் என்று கேட்டார். சார்தான் போனில் சொன்னார் என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருநிமிஷத்தார் ஒரு கணம் முழித்தார், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம், நான்தான் சொன்னேன் என்றார். நிர்வாகத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்ட ஆணி அடிக்கக் கண்ணாடியைத்தான் மேலே கூப்பிட்டார்.

கண்ணாடி அதைப் பொருட்படுத்தவில்லை. அவரை அரித்தது வேறு. வீட்டில் ஒரு சாயங்காலம், பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி பேச்சை எடுத்தாள். ஆயிரம் சொன்னாலும் அன்றைக்குச் சார் புண்ணியத்தில் பிழைத்தோம் என்றாள். அவர் நடந்ததைச் சொன்னார். அவள் கை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சொன்னா நான் வந்திருக்க மாட்டேனா?"

"வரலியே."

அவள் திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. படுக்கப் போகும்முன் அவளே சொன்னாள்: இனி நாலு தட்டு கேட்டால் யாரையும் கேட்கமாட்டேன், மற்ற ஏழு பேரிடமும் சொல்லிவைக்கிறேன். சொன்னபடியே சொன்னாள். ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

வளைந்த குழாய்களை மாற்றினார்கள். பம்பும் கருவியும் மாற்ற வேண்டும் என்று பரிசோதகர் எழுதிக் கொடுத்த தாளில், தலைப்பு சரியில்லை என்று ஒருநிமிஷத்தார் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்தார். எல்லாம் சரியாகிவிட்டது, பாய்லரை மூட்டு என்று போனில் சொன்னார். மூட்டிய மூன்றாம் நாள் மறுபடி போன் வந்தது. பரிசோதகருக்காகத் துண்டை அவிழ்த்திருந்த அந்த மணி, மறுபடி காதுக்குள் அடிக்கிறதாம்; பழையபடி கட்ட வேண்டுமாம்.

கண்ணாடி துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, ஸ்பேனரை எடுத்துச் சுவரில் நாலு தட்டுத் தட்டினார். பார்க்கலாம் என்றுதான்.

இஸ்திரி அறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். கேட் அருகே அவர் மனைவி மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும். பின்னால் யாரும் வரவில்லை. இங்கே போன் அடித்தது.

"சுவத்துல தட்டினியாமே, வெளிய போகலாமான்னு கேட்டு இஸ்திரி ரூம்லேர்ந்து எனக்குப் போன் வருது. உன் வீட்டுக்காரி வெளிய நிக்கிறா. யாரைக் கேட்டு நகர்ந்தா?"

"என்னைக் கேட்டு, சார்."

"ஒரு நிமிஷம் மேல வா."

"வர முடியாது சார். கீழ ஆள் இல்ல."

போனை வைத்துவிட்டுக் குழாயைப் பார்த்தார். தண்ணீர் பாதி இருந்தது. பம்ப் ஓடவில்லை. சுவருக்கு அப்பால் ஏழு இஸ்திரிப் பெட்டிகள் மறுபடி ஓடத் தொடங்கின.