சாலையிலிருந்து ஒரு அடி

நகராட்சியில் அவருக்குப் பெயர் 'மட்டம்'. இருபத்தாறு வருடமாக முக்காலிக் கருவியைச் சுமந்து தரையின் ஏற்ற இறக்கத்தை அளப்பவர். பெரிய அறிவாளி இல்லை. எழுதிய எண்ணை யாருக்காகவும் மாற்றியதில்லை. அவரைப் பற்றி நல்லதாக அவ்வளவுதான் சொல்லலாம்.

மழை முறை தவறிவிட்டது, ஊரை இப்போதே தயார்செய்யுங்கள் என்று மேலிடம் சொன்னது. போன வெள்ளம் இரண்டு அடிக்கு மேல் நின்ற தெருக்களுக்குப் பம்பு வரும். மழைக்கு முன்பே ஆட்களை ஏற்றிப்போக வண்டியும் வரும். மட்டம் நானூறு வீடுகளின் வெளிச்சுவரில் வெள்ளக் கறையைத் தேடி, சாலையிலிருந்து அது எத்தனை அடி என்று எழுதினார்.

கடைசி வீடு அவருடைய அக்காவுடையது. ஒரு அடி என்று எழுதிவிட்டு, தண்ணீர் குடிக்க உள்ளே போனார்.

"எவ்வளவுடா போட்டே?"

"ஒரு அடி."

"ஒரு அடிக்கா உங்க மாமாவைக் கட்டிலோட தூக்கி மேசை மேல வச்சோம்? நாலு பேருக்கு இன்னும் இடுப்பு வலி."

மாமா வாதத்தில் விழுந்து மூன்று வருடம். மட்டம் டேப்பை எடுத்தார். உள்சுவரில் அதே கறை மூன்று அடியில் ஓடியது. வாசலில் மூன்று படி இறங்கி வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. அக்கா கல்யாணமாகி வந்தபோது அது ஒரு படி ஏறவேண்டிய வீடு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டுச் சாலை வளர்ந்துவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பட்டியல் வெள்ளிக்கிழமை போகவேண்டும். மட்டம் கையெழுத்துப் போட மறுத்தார்.

"ரோட்டுலேருந்து அளக்கணும்னு சுற்றறிக்கையே இருக்குய்யா. படிவத்துல வீட்டுத் தரைக்குக் கட்டம் எங்க இருக்கு?" என்றார் பொறியாளர்.

"இல்ல சார்."

"அக்கா வீடுங்கறதாலதானே இவ்வளவு?"

"ஆமா சார். வேற யார் வீடா இருந்தாலும் உள்ள போயிருக்க மாட்டேன்."

பொறியாளரே அந்த வீட்டை நேரில் பார்க்க வந்தார். இறங்கும்போது வாசல் நிலை நெற்றியில் இடித்தது.

"குனிஞ்சு வாங்க தம்பி. நீங்க போட்ட ரோடுதான்," என்றாள் அக்கா.

நெற்றியைத் தேய்த்தபடி அவர் கட்டிலைப் பார்த்தார். படுத்திருந்த மாமாவின் மூக்குக்கு ஒரு சாண் மேலே சுவரில் கறை ஓடியது. மாமா அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நானூறு வீட்டையும் திரும்ப அளக்க எத்தனை நாள் ஆகும்?" என்றார் பொறியாளர் மெதுவாக.

"மூணு வாரம் சார்."

"மேல கேட்டா என்னய்யா சொல்றது?"

"அளந்தவன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க. பொய் இல்லையே."

பட்டியல் நிறுத்தப்பட்டது. மறுநாள் காலை மட்டம் முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார்.

வீடு இன்னும் பெருக்கவில்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.