நங்கூரத்தில் வைத்த கால்

எழுபதுகளில் நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டைகளை எண்ணி எழுதும் டாலி கிளார்க். என் மகன் இரண்டு வயது முடிந்தும் கால் ஊன்றவில்லை. மாதாவுக்கு வெள்ளிக் கால் போடுவதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். ஜாக்கெட் தைத்துச் சேர்த்த இருபது ரூபாயை என்னிடம் தந்து, திருவிழாக் கடையில் வாங்கி உண்டியலில் போடச் சொன்னாள்.

கோயிலுக்குப் போகிற வழியில் லங்கர் கட்டை என்ற சூதாட்டம் நடத்தும் கட்டைக்காரர் படுதா விரித்திருந்தார். அதில் கிரீடம், நங்கூரம், நாலு சீட்டுப் படங்கள் என்று ஆறு கட்டம். அதே படங்கள் உள்ள மூன்று கட்டைகளை டப்பாவில் குலுக்கிக் கவிழ்ப்பார். கட்டத்துக்கு ஒரு ரூபாய் இருந்து, மூன்று கட்டையும் வேறு வேறாக விழுந்தால், தோற்றவன் காசு ஜெயித்தவனுக்குப் போய்விடும். ஒரே படம் இரண்டாக விழுந்தால், அதற்கு இரட்டிப்பாகக் கொடுத்தது போக மிச்சம் அவர் மடிக்கு. அது அடிக்கடி விழும். இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து, நாலு பேருக்கு விளக்கிப் பெருமையடித்தவன் நான்.

அப்படியும் உட்கார்ந்தேன். ஜெயித்துப் பெரிய காலாக வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டது பொய். டப்பா கவிழ்ந்து, திறக்காமல் இருக்கும் அந்த ஒரு நொடிதான் வேண்டியிருந்தது. அந்த நொடியில் நான் டாலி கிளார்க் இல்லை, நடக்காத பிள்ளைக்குத் தகப்பனும் இல்லை.

தோணிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு நங்கூரத்தைத் தவிர வேறெதிலும் கை போகாது. பதினைந்து ரூபாய் போனதும் கட்டைக்காரருக்கே மனசு கேட்கவில்லை.

"மிச்சத்தையாவது கொண்டு போங்க அண்ணாச்சி. மத்தவன் மாத்தி மாத்தி வைப்பான். கடக்கர ஆளுதான் நங்கூரத்தையே புடிச்சிக்கிட்டு முங்குதிய."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மிச்ச ஐந்தையும் நங்கூரத்திலேயே வைத்தேன். கிரீடம் இரண்டு, இஸ்பேட் ஒன்று விழுந்தன.

வீட்டுக்கு வந்து, போட்டாயிற்று என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் பிள்ளை நடந்தான். என் கையால் போட்ட கால் பலித்தது என்று அவள் தெருவெல்லாம் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், அவளிடம் கடைசி வரை சொல்லவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் போனபின் அந்தக் கதையை மகன் சொல்லிவருகிறான். போன திருவிழாவில் தன் மகளுக்காக ஒரு வெள்ளி உரு நேர்ந்து, பணத்தை என் கையில் வைத்தான்.

"நீங்க போட்டாத்தான் பலிக்கும்ப்பா."

கோயில் வரைக்கும் நீயும் கூட வா என்றேன்.