தாமரைச்செல்வியின் கட்டைவிரல்

எந்த உணவகத்துக்குப் போனாலும் வாசலைப் பார்த்த நாற்காலிதான் வேண்டும் தாமரைச்செல்விக்கு. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், "கண்ணு, கொஞ்சம் அக்கட்டால உக்காந்துக்கிறியா? இங்க ஏசி நேரா மூஞ்சில அடிக்குது" என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி இடத்தை மாற்றிக்கொள்வார். தோசை வரும், ஆறும். அவர் கண் கதவை விட்டு நகராது.

ஐம்பத்தாறு வயது. சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துப் பிளானோவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம், குடியுரிமை வாங்கி ஒன்பது வருடம். அங்கேயே லெகஸி என்கிற பகுதியில் ஒரு வங்கிக்காக மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அடுத்தவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடித்தே பழகிய புத்தி வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. குக்கரின் உத்தரவாத அட்டை, பால் டப்பாவின் பின்பக்கம், கோவில் நன்கொடை ரசீது என்று எதுவானாலும் பொடி எழுத்தைப் படித்துவிட்டுத்தான் மறுவேலை. "பெருசா எழுதறதெல்லாம் விக்கறதுக்குங்க. சின்னதா எழுதறதுதான் கோர்ட்டுல நிக்கும்" என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை பகல் பதினோரு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. பொட்டலம் கொண்டுவருபவர்கள் போடும் சட்டையில் இரண்டு பேர். கதவைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே வந்துவிட்டார்கள். இந்திய வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வந்தவர்கள். சமையலறைத் தரையில் நாற்பது நிமிடம் அவரை உட்காரவைத்து வீட்டைப் புரட்டினார்கள். போகும்போது ஒருவன் திரும்பி வந்து, கழுத்தில் இருந்த தாலிக்கொடியையும் தானே கழற்றி எடுத்துக்கொண்டான். அவன் விரல் பிடரியில் பட்ட இடத்தை இன்றைக்கும் குளிக்கும்போது அவர் இரண்டு தடவை தேய்க்கிறார்.

கணவர் நெடுஞ்செழியன் அன்று ஊரில் இல்லை. அவருக்கு நியூஜெர்சியில் வேலை. ஞாயிறு மாலை விமானம் ஏறினால் வியாழன் இரவுதான் வீடு. அந்த வாரமே தாமரைச்செல்வி கடைக்குப் போய்க் கைத்துப்பாக்கி வாங்கினார். அரசாங்கப் படிவத்தை வரிவரியாகப் படித்துக் கையெழுத்திட ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கடைக்காரர் நகல் தர மறுத்ததால், வீட்டுக்கு வந்து இணையத்தில் இருந்த வெற்றுப் படிவத்தை அச்செடுத்துக் கோப்பில் சொருகினார். சனிக்கிழமை தோறும் சுடும் பயிற்சி. சுடிதார், கொண்டை, அதன்மேல் காதடைப்பான். ஒரே ஒரு முறை கூடப் போன நெடுஞ்செழியன், முதல் வெடிச் சத்தத்திலேயே வெளியே வந்து காரில் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் அந்தப் பொருளின் பெயரைக்கூடச் சொல்வதில்லை, 'அது' என்றுதான் சொல்வார்.

'அது' கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டியில் இருந்தது. தாமரைச்செல்வியின் வலது கட்டைவிரல் பட்டால் மட்டும் திறக்கும். அதற்குப் பிறகுதான் அவர் ஞாயிறு முதல் புதன் வரை இரவுகளில் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தார்.

போன வருடம் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்து, "எல்லாம் கிளீனாயிருச்சு" என்று டாக்டர் விஷாகா சொன்னபோது கால்கள் போயிருந்தன. நரம்பு பாதித்துவிட்டது. பாதத்தில் பாதி நேரம் மரத்துப்போன மாதிரி, மீதி நேரம் மிளகாய்த்தூள் தடவின மாதிரி. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் டாக்டர் மெதுவாகச் சொன்னார்: மருத்துவக் கஞ்சா. டெக்சாஸில் இந்த வியாதிக்குச் சட்டப்படி எழுதித் தரலாம், நாக்கடியில் விடுகிற சொட்டு மருந்து, ஒரு வருடத்தில் நரம்பு தேறினால் நிறுத்திவிடலாம்.

"கஞ்சாவா! எங்க ஊர்ல இத வெச்சிருந்தா விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போவாங்க டாக்டர்" என்று சிரித்தார் தாமரைச்செல்வி. வீட்டுக்கு வந்து பொடி எழுத்தைப் படித்தபோது சிரிப்பு நின்றது. கோப்பிலிருந்த படிவத்திலேயே இருந்தது. மாநிலம் அனுமதித்தாலும், மருந்துக்காகவே ஆனாலும், மத்திய சட்டத்துக்குக் கஞ்சா கஞ்சாதான். அதைப் பயன்படுத்துகிறவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. வக்கீலைக் கேட்டார். "இதை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. யாராவது ஜெயிக்கட்டும், அதுவரை நீங்கள் சோதனை எலி ஆகாதீர்கள்" என்றார் அவர்.

பதினோரு வாரம் மருந்தை வாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். சோபாவிலிருந்து குளியலறைக்குச் சுவரைப் பிடித்துப் போனார். பிறகு ஒருநாள் டோல்வே நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கின் மேல் இருக்கும் கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறதா என்று தெரியவில்லை. குனிந்து பார்த்து மிதித்தார். ஒரு முழம் இடைவெளியில் கார் நின்றது. ஓரங்கட்டி, அங்கிருந்தே போன் போட்டு மருந்துக்குச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.

துப்பாக்கியை விற்க மனம் வரவில்லை. விற்றால் அது போனதுதான். கால் தேறினதும் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி நம்பிக்கையான ஆள் வேண்டும். எதிர்வீட்டு சபரிதான் நினைவுக்கு வந்தான். மூன்று வருடமாக வீட்டுச் சாவி கொடுத்து வைத்திருக்கிற பையன், தங்கமானவன். வியாழக்கிழமை மாலை கூப்பிட்டார்.

"நோ ப்ராப்ளம் ஆன்ட்டி. எங்க க்ளோசெட்ல லாக் பண்ணி வெச்சிடறேன்" என்று சொல்லி, துப்பாக்கி இருந்த பூட்டிய உறையை மளிகைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினான் சபரி.

எதற்கும் இருக்கட்டும் என்று தாமரைச்செல்வி படிவத்தை மறுபடி எடுத்தார். கஞ்சா வரிக்குக் கீழே, விசா வரி. தற்காலிக விசாவில் இருப்பவர்களும் வைத்திருக்கக் கூடாது. சபரி இருப்பது எச்-1பி. கிரீன் கார்டுக்கு எட்டு வருடமாக வரிசையில் நிற்கிறான்.

"சபரீ! நில்லு! அப்படியே நில்லு கண்ணு!"

செருப்புகூடப் போடாமல், எரிகிற காலோடு ஓடினார். புல்வெளியின் பாதியில் நின்றவனின் கையிலிருந்து பையைப் பிடுங்கினார். "உன்ற விசாவுக்கு இதத் தொடவே கூடாது. படிக்காம குடுத்துட்டேன். உம்பொழப்புல மண்ணள்ளிப் போட இருந்தேனே, பாவி!"

"ஆன்ட்டி, ஜஸ்ட் டென் ஸ்டெப்ஸ்தான் நடந்தேன். யாரும் பாக்கல. ஹன்டிங் லைசன்ஸ் இருந்தா ஓகேன்னு எங்கயோ படிச்சேன், வேணா அப்ளை பண்ணட்டுமா?" என்று சிரிக்கப் பார்த்தான் அவன். முகம் வெளுத்துப்போயிருந்தது. இரண்டு பேரும் தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

மிச்சம் இருந்தது ஒரே ஆள். குடியுரிமை உள்ளவர், கஞ்சா என்ன, இருமல் மருந்துக்கே யோசிப்பவர். 'அது' இனி நெடுஞ்செழியனின் பெயருக்கு மாற வேண்டும். வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் பெட்டியைத் திறக்க மனைவியால் முடியவே கூடாது என்றார் வக்கீல். ஆக, வெடிச் சத்தத்துக்கே காருக்கு ஓடியவர் சொந்தக்காரர். அவரும் வாரத்தில் நான்கு நாள் நியூஜெர்சியில் இருப்பார். இந்த ஏற்பாட்டில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க எந்தச் சோதனையும் தேவையில்லை. தாமரைச்செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

ஞாயிறு பகல் இரண்டு மணி. நான்கு மணிக்கு நெடுஞ்செழியன் விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். சாப்பாட்டு மேசையில் மருந்துப் பாட்டில் சீல் உடைக்காமல் இருந்தது. பெட்டியின் கையேட்டை நெடுஞ்செழியன் படிக்க, அவர் சொன்னபடி பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார் தாமரைச்செல்வி.

"ஏனுங்க, நாளைக்குப் பதினோரு மணிக்கு எவனாச்சும் பெல் அடிச்சா?"

"கதவத் தெறக்காத செல்வி. போலீசுக்குப் போன் பண்ணு."

"போலீசு அன்னிக்கும் வந்தாங்க. அவனுங்க போன பொறவு."

நெடுஞ்செழியன் கையேட்டில் அடுத்த வரியைப் படித்தார். பழைய ரேகைகள் அனைத்தையும் அழிக்கவும். தாமரைச்செல்வி அழுத்தினார். பெட்டி நீளமாக ஒருமுறை கூவியது. பிறகு நெடுஞ்செழியன், சூடான தோசைக்கல்லைத் தொடுவது மாதிரி, தன் விரலை ஐந்து முறை வைத்து வைத்து எடுத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"ஒருக்கா நீயி வெச்சுப் பாத்துரு. தெறக்காம இருக்கோணும்" என்றார்.

தாமரைச்செல்வி கட்டைவிரலை வைத்தார். சிவப்பு.

"ஆச்சு, அழிஞ்சிருச்சு" என்று பெருமூச்சு விட்டுக் கையேட்டை மூடினார் நெடுஞ்செழியன்.

தாமரைச்செல்வி மறுபடி வைத்தார். சிவப்பு.

"போதும் செல்வி."

அவர் துப்பட்டாவின் நுனியை எடுத்து, கட்டைவிரலை அழுந்தத் துடைத்தார். ஈரம் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு, இந்த முறை மெதுவாக, இன்னொரு தடவை வைத்தார்.