அக்கா பதித்த மரகதம்

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் எல்லோரும் அவரை அறிந்தவர்களே. ஆனால் அவர் செய்த வேலையைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலர். அதனால் தம்பியாகிய நான் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

மணிமங்கலத்தில் பிறந்த அக்கா, அப்பா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டு செல்போன் கம்பெனியில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஐ.டி.ஐ. முடித்தேன். பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு வைர நகைத் தொழிற்சாலையில் கல் பதிக்கக் கற்றுக்கொண்டார். அங்கே ஊழியர் உடம்பில் பொட்டுத் தங்கமும் இருக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகும் மஞ்சள் கயிற்றில் வெறும் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டுதான் கம்பெனி பஸ் ஏறுவார். குன்றத்தூர் அத்தை, அவருடைய மாமியார், முதலில் முகம் சுளித்தார். பிறகு அவரே நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கி வைத்தார்.

ஒருமுறை ஓர் ஆரத்தின் நடுவில் பதிக்கப் புளியங்கொட்டை அளவில் ஒரு மரகதம் வந்தது. உள்ளே மெல்லிய கீறல். கல்லைப் பிடிக்கும் தங்கக் கம்பியை மடக்கும்போது அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் பிளந்துவிடும். அனுபவசாலிகள் இருவர் மறுத்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டார்.

"சார், ஒடஞ்சிட்டா இன்னா பண்றது?"

"ஒடஞ்சா நான் பதில் சொல்லிக்கிறேம்மா. நீ உக்காரு."

அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்காமல் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாச்சுக்கா?"

"கல்லு ஒக்காந்துச்சுடா. இன்னும் நெஞ்சு அடிச்சிகினு கீது."

ஆரத்தை அனுப்பும் முன் குடும்பத்தாரை அழைத்துக் காட்டினார்கள். லென்ஸில் கண் வைத்த நான் எடுக்க மறந்தேன். மரகதத்துக்குள் பாசி படர்ந்த தண்ணீர் அசைவதுபோல் இருந்தது. அந்தக் கீறல் அதில் ஒரு வேர்போல இறங்கியிருந்தது. சுற்றிலும் வைரங்கள், பிடித்திருக்கும் தங்கம் கண்ணுக்கே படவில்லை. திருப்பிக் காட்டினார்கள். கழுத்தில் படும் பக்கத்திலும் ஒவ்வொரு வைரத்துக்கும் தேன்கூட்டு அறைபோல் ஒரு சின்னத் திறப்பு, ஓரமெல்லாம் மெருகு.

"பின்னாடி எதுக்குக்கா இவ்ளோ வேலை?"

"தொறந்து வுட்டாதாண்டா வெளிச்சம் உள்ள பூந்து வரும்."

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்களை லேத்தில் கடையும் எனக்கு அளவு தெரியும். தங்கத்தையும் கல்லையும் ஒரு கை இப்படி உயிரோடு சேர்க்கும் என்று அதுவரை தெரியாது. என் அக்காவின் கையை அன்று தொட்டுப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு இரத்தத்தில் நோய் வந்தது. ஷிப்ட் முடித்து வரிசையில் நின்று இரத்தம் கொடுத்த தோழியரையும், பக்கத்திலேயே இருந்த அக்காவின் கணவரான மாமாவையும், அத்தையையும் கைகூப்பி வணங்குகிறோம்.

கடைசி நாட்களில் அக்காவின் கையில் நரம்பே கிடைக்கவில்லை. இளம் செவிலியர் ஒருவர் விரலால் தடவித் தேடி, வலிக்காமல் ஊசியை இறக்கினார். அக்கா கண் எடுக்காமல் பார்த்தார்.

"இன்னா கைடா இந்தப் பொண்ணுக்கு" என்றார்.

அந்தச் செவிலியரின் பெயரைக் கேட்டுக்கொள்ளாமல் விட்டோம். எங்கிருந்தாலும் அவருக்கு எங்கள் நன்றி. அக்கா கடைசியாக வியந்து பார்த்தது அவரைத்தான்.