போபியா என்று முடியும் சொற்கள்

குறுவை அறுப்பு முடிந்த கையோடு, திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் சித்தப்பா மகன் விருந்துக்கு அழைத்திருந்தான். இலையில் சாம்பார் விழுவதற்குள் தன் ஏழு வயது மகளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்திவிட்டான்.

"அத்தைக்கு போபியா எல்லாம் சொல்லும்மா."

'போபியா' என்று முடிகிற நீள நீளமான இங்கிலீஷ் வார்த்தைகள். ஒவ்வொன்றும் ஒரு பயத்தின் பெயர். உயரத்தைக் கண்டால் அக்ரோபோபியா, சிலந்தியைக் கண்டால் அரக்னோபோபியா, தண்ணீரைக் கண்டால் ஹைட்ரோபோபியா என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். கொல்லைக்குப் பின்னால் காவிரி ஓடுகிறது. அதில் இவளை ஒரு நாளாவது கால் நனைக்க விட்டிருப்பானா?

அடைத்த அறையைக் கண்டு பயப்படுவதற்கு என்ன பெயர் என்பதில் திக்கினாள். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் முழங்கைக்கு மேலே கிள்ளினான். கண்ணில் நீர் முட்ட, "கிளாஸ்ட்ரோபோபியா" என்றாள்.

"எப்படிக்கா?" என்றான் பெருமையாக.

நான் சாப்பிடாமலே இலையை மூடிவிட்டு அவளிடம் கேட்டேன்: "அப்பாவக் கண்டா பயம்னா, அதுக்கு என்னம்மா பேரு?"

அவள் பதறிப்போய் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அத அப்பா இன்னும் சொல்லித் தரல அத்தை."